தோப்பை விற்கும் முன் பாடத்திட்டத்தைப் படியுங்கள்

மேற்படிப்பு: வாசகர் கேள்வி – பதில்

பெங்களூரில் வங்கிகளின் ரிஸ்க் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்துவிட்டு இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். கடன், பங்கு, வட்டி இவற்றின் ஆபத்தைக் கணக்கிட வங்கிகள் வைத்திருக்கும் கணித மாதிரிகள் சரியாக ஓடுகின்றனவா என்று சோதிப்பதுதான் என் வேலையாக இருந்தது. போன இதழில் அதைப் பற்றிச் சில வரிகள் எழுதினேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குவாண்ட் ஃபைனான்ஸ், அதாவது இப்படிக் கணித மாதிரிகளால் விலையையும் ஆபத்தையும் கணக்கிடும் துறையின் மேற்படிப்பைப் பற்றியே கேட்கின்றன. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: வணக்கம் மேடம். தருமபுரியில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா புளி மண்டியில் சுமை தூக்குகிறார். குவாண்ட் ஃபைனான்ஸ் படித்தால் பெரிய சம்பளம் என்று யூடியூபில் சொல்கிறார்கள். அது என்ன படிப்பு? என்னைப் போன்றவர்கள் படிக்க முடியுமா?
*வாசகர், நல்லம்பள்ளி*

பதில்: முடியும் தம்பி. முதலில் அது என்ன என்று பார்ப்போம்.

நம் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். மரம் பூத்திருக்கும்போதே வியாபாரி வந்து விலை பேசி, முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். சீசனில் பெங்களூரா ரக மாங்காய்க்கு நல்ல விலை இருந்தால் வந்து பறித்துக்கொள்வார். விலை அடியோடு விழுந்துவிட்டால், முன்பணம் போனால் போகட்டும் என்று சிலர் வராமலே இருந்துவிடுவதும் உண்டு. அப்படியானால் அந்த முன்பணம் எவ்வளவு இருந்தால் தோட்டக்காரருக்கும் வியாபாரிக்கும் நியாயம்? நிதிச் சந்தையில் இதற்கு ஆப்ஷன் விலை என்று பெயர். 1973-இல் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரும் இதற்கு ஒரு சமன்பாடு எழுதினார்கள். அதே ஆண்டில் ராபர்ட் மெர்ட்டனும் இதை வேறு வழியில் விரிவாக்கினார். 1997-இல் ஷோல்ஸுக்கும் மெர்ட்டனுக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. பிளாக் 1995-இலேயே இறந்துவிட்டார்.

நீங்கள் மகிழ வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தச் சமன்பாட்டின் மாறிகளைக் கொஞ்சம் மாற்றி எழுதினால், பகுதி வகைக்கெழுப் பாடத்தில் வரும் வெப்பச் சமன்பாடாகவே ஆகிவிடும். ஆகவே எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் முடித்தவரைவிட, கணிதத்தை ஒழுங்காகப் படித்த பி.எஸ்சி. மாணவர் இந்தப் படிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

எங்கே படிப்பது என்பதற்கு வருகிறேன். அமெரிக்காவைக் கொஞ்ச காலம் மறந்துவிடுங்கள். நம் பி.எஸ்சி. மூன்றாண்டுப் பட்டம். அங்கே பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டம் கேட்கின்றன. இங்கே ஒரு நல்ல முதுகலை முடித்துவிட்டுப் போவதுதான் உங்களுக்கு ஒழுங்கான பாதை. பல நேரம் அதற்கு அப்புறம் போகவேண்டிய தேவையே இருக்காது.

என்னைக் கேட்டால், முதல் குறி இந்தியப் புள்ளியியல் நிறுவனம், அதாவது ஐ.எஸ்.ஐ. நடத்தும் புள்ளியியல் முதுகலைப் படிப்பான எம்.ஸ்டாட். 1931-இல் மகலநோபிஸ் தொடங்கிய நிறுவனம் அது. தேர்வாகிவிட்டால் படிப்புச் செலவு உங்கள் அப்பாவின் தோளில் ஏறாது. மாணவர்களுக்கு மாத உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். நுழைவுத் தேர்வில் இரண்டு தாள்கள்: ஒன்று விடையைத் தேர்ந்தெடுப்பது, மற்றொன்று படிப்படியாக எழுதிக் காட்டுவது. பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. கோச்சிங் என்று யாருக்கும் பணம் கட்டுவதற்கு முன் அவற்றில் ஒரு வினாத்தாளை எடுத்து உட்காருங்கள்.

அடுத்தது ஐ.ஐ.டி.கள் நடத்தும் முதுகலை நுழைவுத் தேர்வான ஜாம். அதில் கணிதப் புள்ளியியல் என்று தனித் தாள் உண்டு. அதன் வழியாக ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. புள்ளியியல் சேரலாம். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தில் எம்.எஸ்சி. கணிதமும் டேட்டா சயின்ஸும் இருக்கின்றன. அங்கும் பழைய தாள்கள் இணையதளத்தில் கிடைக்கும். வசதி இல்லாதவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறையில் குவாண்டிடேட்டிவ் ஃபைனான்ஸ் என்ற பெயரிலேயே எம்.எஸ்சி. நடக்கிறது. நுழைவு, பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் முதுகலைத் தேர்வு வழியாக. ஊத்தங்கரை, திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் போனால் அதே நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம். சென்னை கோட்டூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸிலும் இதை ஒட்டிய எம்.ஏ. இருக்கிறது. அங்கே கட்டணம் அரசுப் பல்கலைக்கழகம் போல இருக்காது, கேட்டுக்கொண்டு போங்கள்.

பட்டத்தின் பெயரில் ஃபைனான்ஸ் இருக்கவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. எங்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது நாங்கள் துருவியது நிகழ்தகவு, புள்ளியியல், கொஞ்சம் புரோகிராமிங், அவ்வளவுதான். பத்திரம், ஆப்ஷன், வட்டி விகிதம் எல்லாம் வேலைக்கு வந்து ஆறு மாதத்தில் பிடிபட்டுவிடும். நிகழ்தகவு அப்படிப் பிடிபடாது.

சீனிவாச வரதனை எண்ணிப் பாருங்கள். சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஹானர்ஸ் படித்து, கொல்கத்தா ஐ.எஸ்.ஐ.யில் முனைவர் பட்டம் வாங்கி, 1963-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரண்ட் நிறுவனத்துக்குப் போனார். நிகழ்தகவுக் கோட்பாட்டில் செய்த வேலைக்காக 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார். இன்று நிதிக் கணிதம் படிக்க நம் பிள்ளைகள் ஆசைப்படும் இடங்களில் அந்தக் கூரண்டும் ஒன்று. அவர் போன பாதையின் முதல் இரண்டு நிறுத்தங்களும் இந்த நாட்டிலேயே இருக்கின்றன.

கேள்வி: அம்மா, நான் விவசாயி. மகன் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறான். நியூயார்க் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஃபைனான்சியல் இன்ஜினியரிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கன்சல்டன்சிக்காரர்கள் உடனே பணம் கட்டச் சொல்கிறார்கள். பாதித் தோப்பை விற்று, மீதிக்கு 60 லட்சம் கடன் வாங்கலாம் என்று இருக்கிறோம். சரியா?
*வாசகர், காவேரிப்பட்டணம்*

பதில்: ஐயா, இந்த வருடம் தோப்பை விற்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

ஃபைனான்சியல் இன்ஜினியரிங் என்பது குவாண்ட் ஃபைனான்ஸ் படிப்புக்கு இன்னொரு பெயர். இந்தத் துறையில் நல்ல பெயர் உள்ள படிப்புகள் சில உண்டு. கார்னகி மெலன், பிரின்ஸ்டன், பெர்க்லி, நியூயார்க் நகர அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பரூக் கல்லூரி போன்றவை. இவற்றில் பரூக் அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் சுற்றியுள்ள தனியார் இடங்களைவிடக் குறைவு, வகுப்பும் சிறியது. இந்த மாதிரி இடங்கள், படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு எத்தனை மாதத்துக்குள் எந்த நிறுவனத்தில் என்ன வேலை கிடைத்தது என்று வருடாவருடம் வெளியிடுகின்றன. உங்கள் மகனுக்கு இடம் கொடுத்த பல்கலைக்கழகம் அப்படி ஒரு கணக்கை வெளியிட்டிருக்கிறதா? வெளியிட்டிருந்தால் அதில் குவாண்ட் வேலை எத்தனை, சாதாரண டேட்டா வேலை எத்தனை, கணக்கிலேயே வராமல் விடுபட்டவர்கள் எத்தனை என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியிடவில்லை என்றால் அதுவே எனக்குப் போதுமான பதில்.

இன்னொன்றையும் கேளுங்கள். இடம் கொடுப்பதற்கு முன் யாராவது அவனிடம் ஒரு கணக்காவது கேட்டார்களா? பரூக், கார்னகி மெலன், பெர்க்லி போன்ற இடங்களில் விண்ணப்பித்தவர்களை நேர்முகம் செய்கிறார்கள். கேள்வியே கேட்காமல் பெரிய வகுப்புக்கு ஆள் சேர்க்கும் இடம், படித்து முடித்த பிறகும் உங்கள் பிள்ளையைத் தனியாகக் கவனிக்கப்போவதில்லை. கன்சல்டன்சிக்கு யார் பணம் தருகிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகத்திடமிருந்தே கமிஷன் வாங்கும் வழக்கம் இருக்கிறது.

பணக் கணக்குக்கு வருவோம். 60 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 82,650 ரூபாய். படிக்கும் காலத்திலும் வட்டி ஓடும். முழுத் தொகையும் எடுத்துவிட்ட பிறகு ஒரு வருட வட்டியே 6.6 லட்சம். டாலர் சம்பளம் வந்தால் இது பாரமில்லை. வராமல் பெங்களூருக்குத் திரும்பி வந்து தொடக்கச் சம்பளத்தில் உட்கார்ந்தால், மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி தவணைக்கே போய்விடும்.

டாலர் சம்பளம் வருவதும் அவன் திறமையை மட்டும் பொறுத்ததில்லை. படிப்பு முடிந்ததும் 12 மாதம் வேலை பார்க்க அனுமதி. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகையில் சேர்ந்த படிப்பாக இருந்தால் இன்னும் 24 மாதம். அதற்கு மேல் இருக்க எச்-1பி என்ற வேலை விசா வேண்டும், அது குலுக்கலில் வருவது. இந்தத் துறைப் படிப்புகள் பெரும்பாலும் ஸ்டெம்தான், ஆனால் உங்களுக்குக் கொடுத்திருப்பது ஸ்டெம்மா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெயரில் இன்ஜினியரிங் இருப்பதால் மட்டும் அப்படி ஆகிவிடாது.

அடமானத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். விவசாய நிலத்தை ஏற்கத் தயங்குவார்கள், ஏனென்றால் வாராக்கடனுக்குச் சொத்தை எடுத்துக்கொள்ளும் 2002-ஆம் ஆண்டுச் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் கடைசியில் குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தைத்தான் கேட்பார்கள். தோப்பில் பாதியும் போய், வீட்டுப் பத்திரமும் வங்கியில் இருக்கும் நிலையில் பிள்ளையை விமானம் ஏற்றாதீர்கள் ஐயா. அந்தப் பாரம் அவன் படிப்பையும் கெடுக்கும்.

சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த வருடத்தில் பெங்களூரில் ஏதாவது ஒரு வங்கியின் தொழில்நுட்ப மையத்தில் வேலைக்குச் சேரட்டும். 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு, 2011-இல் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் எஸ்.ஆர். 11-7 என்ற வழிகாட்டலை வெளியிட்டது. வங்கி பயன்படுத்தும் ஒவ்வொரு மாதிரியையும் அதை உருவாக்காத வேறொருவர் சோதிக்கவேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சோதனை வேலையில் ஒரு பங்கு பெங்களூருக்கும் மும்பைக்கும் வந்தது. உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இந்தத் துறை இருக்கிறது. ஒரு வருடம் உள்ளே இருந்து பார்த்துவிட்டு, அப்போதும் ஆசை இருந்தால், நல்ல இடத்துக்கு விண்ணப்பிக்கட்டும். அப்போது நானே அவன் விண்ணப்பக் கடிதத்தைப் படித்துத் திருத்தித் தருகிறேன்.

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ஷிஃப்ட் வேலை. இரண்டு வருடத்தில் இந்தப் படிப்புக்குத் தயாராக வேண்டும். எங்கே தொடங்குவது?
*வாசகி, ஓசூர்*

பதில்: ஷிஃப்ட் முடிந்து வந்து புத்தகத்தைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதனால் குறைவாகவே சொல்கிறேன். முதல் ஆறு மாதம் நிகழ்தகவைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் பணம்.

சரியாகப் புரிகிறதா என்று சோதிக்க ஒரு கணக்கு தருகிறேன். நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறோம். அடுத்தடுத்து இரண்டு தலை விழும்வரை சராசரியாக எத்தனை முறை சுண்டவேண்டும்? தலையும் உடனே அடுத்து பூவும் விழும்வரை என்றால் எத்தனை முறை? இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று பலர் சொல்வார்கள். முதலாவதற்கு 6, இரண்டாவதற்கு 4. ஏன்? இரண்டாவதில் முதல் தலை விழச் சராசரியாக 2 முறை. அதற்கு அப்புறம் மறுபடி தலை விழுந்தாலும் நஷ்டமில்லை, கையில் தலை இருக்கிறது, பூவுக்குக் காத்திருந்தால் போதும். அது இன்னொரு 2. முதலாவதில் அப்படியில்லை. ஒரு தலை வந்து அடுத்தது பூ விழுந்தால் எல்லாம் போய் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இதை நிபந்தனை எதிர்பார்ப்பு வைத்துச் சமன்பாடாக எழுதிப் பாருங்கள், இரண்டே வரிதான். நேர்முகத் தேர்வுகளில் இந்த வகைக் கணக்கை விடாமல் கேட்பார்கள். விடையைவிட, யோசித்துக்கொண்டே நீங்கள் பேசுவதைத்தான் கவனிப்பார்கள்.

அதன் பிறகு நேரியல் இயற்கணிதம், அப்புறம் பைத்தான். இவை ஓரளவு கைக்கு வந்ததும் ஸ்டீவன் ஷ்ரீவ் எழுதிய இரண்டு பாக நூலில் முதல் பாகத்தை மட்டும் எடுங்கள். விலை ஒவ்வொரு படியிலும் ஏறும் அல்லது இறங்கும் என்ற எளிய மாதிரியை வைத்தே முழுக் கருத்தையும் கட்டியிருப்பார். இரண்டாம் பாகம் முதுகலையில் சேர்ந்த பிறகு போதும். இப்போதே திறந்தால் மனம் உடைந்துபோகும்.

விண்ணப்பத்தில் காட்ட ஒரே ஒரு வேலையை ஆழமாகச் செய்யுங்கள். தேசியப் பங்குச் சந்தை தினசரி விலைகளைப் பவ்காப்பி என்ற கோப்பாக இலவசமாகத் தருகிறது. நிஃப்டி குறியீட்டின் பல வருடத் தினசரி ஏற்ற இறக்கத்தை எடுத்து, அது மணி வடிவில் வரும் இயல்நிலைப் பரவலுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் விழுந்தது. ஒரு நாளின் திட்ட விலக்கம், அதாவது வழக்கமான ஏற்ற இறக்க அளவு, 1 சதவீதம் என்று வைத்தால், அந்தப் பரவலின்படி அப்படிப்பட்ட நாள் பிரபஞ்சத்தின் ஆயுளுக்குள் வரவே கூடாது. ஆனால் வந்தது. மாதிரி எங்கே உடைகிறது, உடையாமல் இருக்க என்ன செய்யலாம் என்று நீங்களே யோசித்துப் பத்துப் பக்கம் எழுதினால், இணையத்தில் நகலெடுத்த ஐந்து புராஜெக்ட்டுகளைவிட அது மேல். நீங்கள் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வரைபடம் பார்த்திருப்பீர்களே, அந்த அனுபவத்தையும் இதில் கொண்டுவாருங்கள். தேர்வுக் குழுவுக்கு அது புதிதாக இருக்கும்.

வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். 2023 செப்டம்பரிலிருந்து அது இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. கணிதப் பகுதி பள்ளிக்கூடக் கணக்குதான். இந்தத் துறைக்கு விண்ணப்பிப்பவர்கள் அதில் முழு மதிப்பெண்ணான 170-ஐ ஒட்டியே வாங்குவார்கள் என்பதால் அதில் தடுமாறக் கூடாது, அவ்வளவே.

கேள்வி: சி.எஃப்.ஏ., எஃப்.ஆர்.எம்., ஆக்சுவரி, குவாண்ட். நான்கில் எது?
*வாசகர், ஊத்தங்கரை*

பதில்: நான்கும் வேறு வேறு வேலை. நிறுவனங்களின் கணக்கைப் படித்து முதலீட்டை மதிப்பிடப் பிடிக்கும் என்றால் சி.எஃப்.ஏ.; அதில் உயர்கணிதம் குறைவு. வங்கி ரிஸ்க் பிரிவில் ஏற்கனவே இருப்பவருக்கு ரிஸ்க் மேலாண்மைச் சான்றிதழான எஃப்.ஆர்.எம். உதவும், இரண்டு தேர்வுகள், வேலையோடு எழுதலாம். ஆக்சுவரியை நம் ஊரில் யாரும் பேசுவதே இல்லை, எனக்கு அது வருத்தம். காப்பீடு, ஓய்வூதியம் இவற்றின் கணக்கைப் பார்க்கும் தொழில் அது. இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தின் ஏசெட் நுழைவுத் தேர்வை எழுதிவிட்டு, வேலை பார்த்துக்கொண்டே மற்ற தாள்களை ஒவ்வொன்றாக முடிக்கலாம். புள்ளியியல் நன்றாக வரும், ஆனால் குடும்பத்துக்கு உடனே சம்பளம் தேவை என்ற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி: பெங்களூரில் ஆறு மாத அல்கோ டிரேடிங் சான்றிதழ் படிப்புக்கு 3 லட்சம் கேட்கிறார்கள். சேர்ந்தால் குவாண்ட் ஆகலாமா?
*வாசகர், பென்னாகரம்*

பதில்: ஆக முடியாது. அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். குவாண்ட் வேலை என்பது சம்பளத்துக்கு மாதிரி கட்டுவதும் சோதிப்பதும். சொந்தப் பணத்தில் ஆப்ஷன் வாங்கி விற்பது வேறு, அல்கோ டிரேடிங் என்று கணினி நிரலை வைத்துச் செய்தாலும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். வீட்டில் யாராவது இதில் இறங்கியிருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களிடம் காட்டுங்கள்.

கேள்வி: தமிழ் வழியில் படித்தேன். இங்கிலீஷ் பேச வராது. இதெல்லாம் எனக்கு ஒத்துவருமா?
*வாசகி, அரூர்*

பதில்: ஐ.எஸ்.ஐ.யின் எழுத்துத் தாளில் உங்கள் கணிதத்தைத்தான் திருத்துகிறார்கள், ஆங்கில நடையை இல்லை அம்மா. நிரூபணம் எழுத ஒரு சின்னச் சொல்தொகுதி போதும். பழைய தாள்களைப் போட்டுப் பார்க்கும்போதே அது வந்துவிடும். பேச்சுக்கு ஒரு வழி சொல்கிறேன். தினம் ஒரு கணக்கைப் போட்டு முடித்ததும், அதை ஆங்கிலத்தில் வாய்விட்டு விளக்கி, கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். நேர்முகத்தில் கேட்கப்போவதும் அந்த விளக்கத்தைத்தான். எங்கள் குழுவில் சிக்கலான மாதிரியைத் துல்லியமாக உடைத்துக் காட்டிய சிலர் தமிழ் வழியில் வந்தவர்கள். தயங்காமல் விண்ணப்பம் போடுங்கள்.

கேள்வி: எந்த மாதத்தில் எதற்கு விண்ணப்பிக்க வேண்டும்? பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?
*வாசகர், பர்கூர்*

பதில்: ஜாம் தேர்வுக்கு செப்டம்பர் வாக்கில் பதிவு தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். கியூட் முதுகலைத் தேர்வு மார்ச் ஒட்டி வரும். ஐ.எஸ்.ஐ.யும் சென்னை கணிதவியல் நிறுவனமும் வழக்கமாக மே மாதத்தில் தேர்வு நடத்துகின்றன. அமெரிக்கப் படிப்புகள் பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கும். விண்ணப்பக் கெடு டிசம்பர், ஜனவரியில் குவியும். பெர்க்லி மட்டும் மார்ச் மாதத்தில் தொடங்குவதால் அதன் தேதிகள் தனி. ஒவ்வொரு வருடமும் சில நாட்கள் முன்பின் ஆகும், அந்தந்த இணையதளத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்துக்குக் கல்லூரி முதல்வரைத் தேடிப் போகாதீர்கள். அவருக்கு உங்களைத் தெரியாது, ‘நல்ல மாணவர்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். கணிதம் எடுத்த ஆசிரியரிடம் போங்கள். நீங்கள் அவரிடம் கேட்ட ஒரு சந்தேகம், அவர் கொடுத்த கணக்கை நீங்கள் வேறு வழியில் போட்டது போன்ற ஒரு சம்பவத்தை எழுதச் சொல்லுங்கள். கேட்கும்போதே உங்கள் மதிப்பெண் பட்டியல், புராஜெக்ட், விண்ணப்பிக்கும் இடங்களின் பெயர், கெடு தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே கொடுங்கள். நவம்பரில் செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் திருத்தம் என்று அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.